குரல் மட்டும் வந்த வீடியோ

அன்புத் தம்பி சின்னவனுக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றுதான் இன்று காலைவரை நம்பிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு அவசரம். என்னிடமிருந்து உன் வீட்டுக்கு ஒரு சின்ன பார்சல் வரும். அதை நீயே உன் கையால் வாங்கு. வேறு யாரும், முக்கியமாகப் பெண்கள் யாரும், அதைத் தொடவேண்டாம். பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் இந்த மெயில்.

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவைப் பார்க்க நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு பெட்டி வந்து, தேவையான கோடெக் இல்லை என்றது. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த உன் அத்தான், ஒரு மெஷின் இல்லை என்று சொன்னால் சும்மா இருப்பாரா? "கோடெக்குனா ஏதோ ஸ்பேர் பார்ட்டு. கழண்டு உள்ளயேதான் விழுந்து கிடக்கும்" என்று கம்ப்யூட்டரைக் கழற்றி, பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தூசி தட்டித் தேடினார். கோடெக் கிடைக்கவில்லை, நான் தொலைத்த ஊக்கு ஒன்று கிடைத்தது. திரும்பப் பூட்டிப் போட்டபோதும் அதே பெட்டி. அந்தப் பெட்டியை நான் மூடினேன். படம் வரவில்லை, குரல் வந்தது. ஒரு பெண் குரல். "பயப்படாதீங்க, நான்தான் கூட இருக்கேன்ல? கையைக் குடுங்க." அடுத்தது உன் குரல். "இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவைதானா?" அதற்கு அவள், "எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் என்னை விடவே மாட்டாங்க" என்கிறாள். உடனே பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். அத்தோடு கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது.

உன் அத்தான் என்னைப் பார்த்தார். "உன் தம்பி கல்யாணம் பண்ணிக்கிட்டான்டி."

ஐம்பத்தொரு வயதுவரை வேண்டாம் வேண்டாம் என்று எத்தனையோ ஜாதகத்தைத் தட்டிக்கழித்தவன், அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிப் பண்ணுவானா என்று நான் அன்றைக்கெல்லாம் மூக்கைச் சிந்தினேன். படத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உன் அத்தான் எங்கேயோ தேடி, 'எல்லாக் கோடெக்கும் இலவசம்' என்று இருந்த ஒன்றை இறக்கிப் போட்டார். கோடெக்கோடு கூட்டமே வந்தது. நாங்கள் போகவே போகாத ஊர்களில் மழை பெய்யுமா என்று திரையின் ஓரத்தில் எழுதிக் காட்டியது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "வாழ்த்துகள்! நீங்கள் வென்றுவிட்டீர்கள்!" என்று ஒருத்தி கத்தினாள். உன் அத்தான் முதல் இரண்டு தடவை அவளுக்கு நன்றி சொன்னார். இந்த அமர்க்களத்துக்கு நடுவில் உன் வீடியோவும் ஓடியது. இந்தத் தடவை குரல் இல்லை, படம் மட்டும், அதுவும் பச்சையும் ரோஸுமாகக் கட்டம் கட்டமாய். ஒரு பருமனான கட்டம், அது நீ. ஒரு ஒல்லியான கட்டம். பருமன் போய் ஒல்லியின் தோளில் சாய்கிறது. ஒல்லி நீளமாக எதையோ எடுத்துப் பருமனுக்குப் போடுகிறது. "மாலை!" என்றார் உன் அத்தான்.

அவ்வளவுதான், என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. உனக்கு வரப்போகிறவளுக்கென்று முப்பது வருஷமாக நான் பத்திரமாக வைத்திருந்த அம்மாவின் முத்துத் தோட்டை எடுத்தேன். கூடவே ஒரு கடிதம். "என் தம்பி சோப்பைத் தண்ணீரிலேயே ஊறப்போடுவான், கோபம் வந்தால் பட்டினி கிடப்பான், இரண்டையும் பொறுத்துக்கொள் கண்ணே" என்று எழுதி, மேலே 'எங்கள் வீட்டுப் புது மருமகளுக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டுத் திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன்.

இன்று காலை கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்தாள். "மூணு நாளா ஜெயிச்சுக்கிட்டே இருக்கீங்களே, யாருக்கா அது?" விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். ஜாக்கெட் டிசைன்களை வீடியோவில் பார்த்துத் தைக்கிறவள் அவள், இந்தத் தொல்லையெல்லாம் அவளுக்குப் பழக்கம். "வீடியோவைச் சின்னதாச் சுருக்கித்தான் அனுப்புவாங்கக்கா. சுருக்கினதை விரிக்கிற வேலை கோடெக்கோடது. உங்க தம்பி போன் புதுசு, இந்தக் கம்ப்யூட்டர் பழசு, அதோட சுருக்கம் இதுக்குப் புரியல" என்றாள். அந்தக் கூட்டத்தையெல்லாம் அழித்தாள். எல்லாக் கோடெக்கும் உள்ளேயே இருக்கிற ஒரு பிளேயரை ஏற்றினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உன் அத்தான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்விட்டார்.

படமும் வந்தது, குரலும் வந்தது. ஆஸ்பத்திரியின் பயிற்சி அறை. முட்டியில் கட்டோடு நீ. பிடித்து நடத்துகிற பிசியோதெரபி அம்மா. உன் அத்தான் மாலை என்றது பயிற்சிக்கான பச்சை ரப்பர் பட்டை. கடைசியில் நீ கேமராவைப் பார்த்துப் பேசினாய். "அக்கா, முட்டி ஆபரேஷன்னு சொன்னா நீ அழுதுகிட்டே வந்து நிப்ப. அதான் நடந்து காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே இவங்க தினமும் வீட்டுக்கே வந்து நடக்க வைப்பாங்க, நீ கவலைப்படாத." தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ நடந்த அந்த ஏழு அடியையும் நான் நாலு தடவை பார்த்தேன். ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுதுகிட்டே வந்தா என்ன, அழுதுகிட்டே உனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்திருப்பேனே!

சரி, போகட்டும். அந்த அம்மா தினமும் வருகிறாளாமே, அவள் கண்ணில் பார்சல் பட்டால் என் மானம் போய்விடும். பாவம், முன்முடியில் லேசாக நரையும் நல்ல சிரிப்புமாக இருக்கிறாள், நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? ஆகவே பிரிக்காமல் அனுப்பு. குளியலறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில். உன் அத்தான் உன்னை மிகவும் விசாரித்தார். கால் பலத்தோடும் ஆயுள் பலத்தோடும் நீ நூறு வருஷம் நடக்க வேண்டும்.

இன்னும் கோபம் தீராத உன் அக்கா

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகும்போது போன் அடித்தது. பார்சலில் இருந்த நம்பரைப் பார்த்து அந்த அம்மாதான் கூப்பிட்டாள். பார்சல் வந்தபோது நீ கம்பியைப் பிடித்துப் பயிற்சியில் நின்றாயாம், அவள் வாங்கினாளாம். "மருமகளுக்குன்னு போட்டிருந்துது. இங்க வேற பொம்பளை யாரும் இல்லையேன்னு பிரிச்சுட்டேன். லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். தோட்டைப் போட்டும் பாத்துட்டேன். உங்க தம்பி சிவந்து போய் நிக்கிறாரு. நான் என்னக்கா பண்ணட்டும்?" என்றாள். "கழட்டாதம்மா" என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. தோட்டையும் திருப்பி அனுப்பாதே, அவளையும் திருப்பி அனுப்பாதே.