ரோபோவுக்கு நான் வைத்த பொட்டு

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
12-10-2008

மரியாதைக்குரிய மச்சான் செம்மல் அவர்களுக்கு, சக்கரபாணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை ஆதிலட்சுமியும் மகள் பூர்ணிமாவும் நலம். சேதராப்பட்டில் உங்கள் நலமும், என் தங்கை வசந்தாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் வீட்டில் காதில் விழுந்துவிடும் என்பதால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிற நம் பூர்ணிமா, சனிக்கிழமைதோறும் குருசுக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், நாலாவது அஞ்சாவது பிள்ளைகளுக்கு ரோபோ செய்யவும் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறாள் அல்லவா? போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு, "சனிக்கிழமை ஒரு ஆபீசர் வந்து பாப்பாரும்மா. பசங்க ஒண்ணும் கத்துக்கலன்னு தெரிஞ்சா வகுப்பு கிடையாது, அந்த ரூம்ல ஒடஞ்ச பெஞ்சுங்கள போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வாய் சாப்பிடுவதற்குள் "பசங்க ஏமாந்துடுவாங்கப்பா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள்.

தள்ளிய தட்டை எடுத்து வைத்ததோடு நான் சும்மா இருந்திருக்கலாம் மச்சான். ஆயுத பூஜையன்று நம் வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், கேஸ் அடுப்பு வரை பொட்டு வைத்தேன். அந்தப் பிள்ளைகள் செய்த ரோபோ வண்டி மட்டும் பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்தது. சக்கரம் வைத்த ஒரு பொருளுக்குப் பூஜை விட்டுப்போனால் எப்படி விளங்கும்? வெள்ளிக்கிழமை அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கையில் எடுத்தேன். சோப்பு டப்பா உடம்பு, பொம்மைக் கார் சக்கரம், அடியில் கடுகு கடுகாக இரண்டு கண்கள். கண்ணுக்குத்தானே திருஷ்டி படும் என்று இரண்டிலும் சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்தேன். உங்கள் தங்கைக்குக்கூடத் தெரியாது.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் என்னையும் சேர்த்துப் பெற்றோர் எல்லோரையும் உட்காரவைத்து, தரையில் வெள்ளை அட்டை விரித்து, அதில் வளைத்து வளைத்துக் கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். வண்டி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டுமாம். விட்டார்கள். அது வளைவு வந்ததைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய் ஆபீசர் ஷூமேல் ஏறியது. மறுபடி விட்டார்கள், மறுபடியும் அதே ஷூ. மூன்றாவது தடவை அவரே காலை இழுத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூர்ணிமா முகம் செத்துவிட்டது. அவளே வண்டியை எடுக்கக் குனிந்தாள். என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டு, "நீங்களே பாருங்கடா, என்னா தப்புன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

தாமரைச்செல்வி என்று ஒன்பது வயசுப் பெண். வண்டியை மல்லாக்கப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, கண்ணு ரெண்டுலயும் யாரோ சந்தனத்த அப்பிட்டாங்க! இதுக்கு எல்லாமே வெளுப்பாத்தான் தெரியுது. கறுப்பப் பாத்தா திரும்புன்னுதான நாம எழுதியிருக்கோம்? கறுப்பே தெரியலன்னா எப்படித் திரும்பும்?" என்று கேட்டுப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள். வண்டி ஒரு வளைவு விடாமல் சுற்றி வந்து நின்றது. ஆபீசர், "ஓட்டிக் காட்டறது பெருசில்லம்மா. கெட்டுப்போனா இதுங்களே கண்டுபுடிக்குதுங்களே! ரூம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "யாரு வெச்ச சந்தனம்?" என்று தலைமையாசிரியை கேட்டபோது நானும் மற்றவர்களைப் போலவே பின்னால் திரும்பிச் சந்தேகமாகப் பார்த்தேன். மதியம் பூர்ணிமா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வகுப்பும் தப்பித்தது, நானும் தப்பித்தேன்.

தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வரும் சனிக்கிழமை நீங்கள் வந்தால் வகுப்பைப் பெருமையாகக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
சக்கரபாணி

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி எழுந்த நேரத்தில் பூர்ணிமா முழுவதையும் படித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோதே என் சட்டைக் கையில் சந்தனம் இருந்ததாம். ஆபீசர் உட்பட எல்லோருக்கும் தெரியுமாம், பாவம் என்று விட்டார்களாம். ஆகவே கிழிக்க வேண்டாம். தண்டனையாக வரும் சனிக்கிழமையிலிருந்து நானும் அந்த வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வேண்டும். எனக்கு டீச்சர் தாமரைச்செல்வி. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் வெளியே நிற்கவைப்பாளாம். நீங்கள் தயவுசெய்து வந்துவிடாதீர்கள்.