வெங்கடபதியின் ஸ்கூட்டர் சாவி

அறுபத்தெட்டு வயது மனுசனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, "யானைப் படம் எந்தக் கட்டத்தில் இருந்தது?" என்று கேட்கலாமா? போத்தனூர் வெங்கடபதிக்கு ரத்தம் கொதித்தது.

அப்படி என்ன செய்துபோட்டார்? அவிநாசி கோயிலுக்கு ஸ்கூட்டரில் போனார். பஸ்ஸில் திரும்பி வந்தார். அவ்வளவுதான். மறுநாள் சம்சாரம் பாவாத்தாள் கூடவே போய் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். இவர் பின்னால் உட்கார்ந்து தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே சாவி பீரோவுக்குள் போய்விட்டது. வயசானவர்களுக்கு ஞாபகப் பயிற்சி என்று மகள் கீதா கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். படங்களைக் காட்டும், மூடிவிடும். எது எங்கே என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் சாவி.

பேக்கரிக்கு நடந்து போனால் சிநேகிதன் கருப்புசாமி, "வண்டி இன்னிக்கு எந்தக் கோயில்ல நிக்குதுங்க?" என்கிறான். எத்தனை நாள்தான் பொறுப்பது? பாவாத்தாள் குளிக்கப் போன நேரம் பீரோவைத் திறந்து சாவியை எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒளித்தார். சாயங்காலம் அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் நூற்றுக்கு நூறு போட்டது. சாவியைக் கேட்கவும் வாய் இல்லை.

மறுநாள் காலையில் பாவாத்தாள் வரமிளகாயைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பீரோவுல வச்ச சாவியக் காணமுங்க. எவனோ களவாண்டுபோட்டான்."

"அதுக்கு மிளகா எதுக்கு?"

"ஆனைமலை மாசாணியம்மனுக்குங்க. மிளகா அரைச்சுப் பூசுனா, எடுத்தவனுக்கு ஒடம்பெல்லாம் எரியுமாமுங்க."

வெங்கடபதிக்கு அப்போதே முதுகு எரிந்தது.

"ஒரு சாவிக்குப் போயி அம்மனத் தொந்தரவு பண்றதா?"

"எடுத்தவனுக்குத்தான எரியப்போகுது. உங்களுக்கு ஏனுங்க வேர்க்குது?"

"நாந்தான் எடுத்தேன், அம்மணி."

"அப்படீங்களா. எங்க வச்சீங்க?"

"அதுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நீ அரைச்சுகிரைச்சுப் போடாத தாயி."

பாவாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அரிசி டின்னுக்குள்ள. நேத்து சோறாக்கறப்பவே கெடச்சுதுங்க."

"அப்ப இந்த மிளகா?"

"கொழம்புத்தூளுக்கு. மில்லு வரைக்கும் போயிட்டு வாரேன்."

ஸ்கூட்டர் கிளம்பியது. வெங்கடபதி வாசலுக்கு ஓடினார்.

"நான் நேத்தே நூத்துக்கு நூறு வாங்கிட்டேன்."

"அரிசி டின்னுல முட்டை மார்க்குங்க. நான் வர்றதுக்குள்ள அந்த யானையத் தேடி வையுங்க."