மருந்துக்கு அடங்காத வழவழப்பு

“மருந்துக்கே சாகாத மருந்து” என்று ஊற்றடியில் பலகை வைத்த அன்றே ஊரில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. மீதிப் பேர் அவர்களுக்குத் துணையாக வந்தார்கள். பாறை இடுக்கில் பல் கிட்டும் குளிரோடு தண்ணீர் கசிந்தது. அது விழும் கற்களில் வழவழப்பு ஆடை கட்டியிருந்தது. நடுவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, அந்த வழவழப்பை வழித்து வந்தவர்களின் புண்ணில் பூசிக்கொண்டிருந்தார் ஜில் சித்தர்.

தையல்காரருக்கு வலது கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டுப் போட வரணும், இனிப்பை நிறுத்தணும் என்றார் டாக்டர். சித்தர் இரண்டையும் சொல்லவில்லை. புத்திசாலி யாரிடம் போவான்?

சித்தர் தினமும் ஒரு வித்தை காட்டுவார். கிண்ணத்து வழவழப்பில் ஆஸ்பத்திரி மாத்திரையைப் பொடித்துக் கொட்டுவார். மறுநாள் அது இன்னும் கொழுத்திருக்கும்.

“டாக்டர் மருந்தே இதுகிட்ட மண்டி போடுது. உங்க புண்ணு எம்மாத்திரம்?”

கூட்டம் தலையாட்டியது. தலையை அதற்கு மட்டும்தான் கொண்டுவந்திருந்தது.

தையல்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வரிசையில் புகுந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். விரல் கறுத்திருந்தது, சிவப்பு கணுக்காலை நோக்கி ஏறியிருந்தது.

“ஏங்க, இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா பாதத்தையே எடுக்க வேண்டியதாயிடும்.”

“இது மருந்துக்கே சாகாததும்மா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். போலீசுக்குப் பயப்படாத திருடன்னா, கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் குடுப்பீங்களா? ஆஸ்பத்திரி வார்டு கழுவின தண்ணியும் மிச்ச மருந்தும் மேல உடைஞ்ச குழாய் வழியா இங்கதான் வருது. அந்த மருந்துல ஊறி வளர்ந்த கிருமிங்க இது. கூட்டமா ஒட்டிக்கிட்டு, மேல பசையைப் போர்த்திக்கிட்டு, எதையும் உள்ள விடாது.”

கிருமியைச் சொல்கிறாளா, வரிசையைச் சொல்கிறாளா என்று தையல்காரருக்குச் சந்தேகம் வந்தது.

அவள் எல்லாருக்கும் கேட்கும்படி, “சித்தரே, நாளைக்கு இந்தத் தண்ணி என்ன நிறத்துல வரும்?” என்றாள்.

“பளிங்கு மாதிரி வரும், தாயி.”

“பதினோரு மணிக்கு ரோஸா வரும்.”

மறுநாள் பதினொன்று அடித்துப் பத்து நிமிடத்தில் ஊற்று ரோஸானது. சித்தர் அசரவில்லை. “என் தவத்தைப் பார்த்து ஊற்றம்மா வெட்கப்படுறா” என்றார். நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

ஐந்தாவதாக விழ வேண்டிய தையல்காரர் மட்டும் நின்றார். “சாமி, நேத்தே எம்பொண்டாட்டி சொல்லிட்டா. உங்க தவத்துக்கு அவ எப்படி நேரம் குறிச்சா?”

கூட்டம் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல் திருப்பியது. ரோஸ் கையோடு மூச்சு வாங்க அவள் வந்துகொண்டிருந்தாள்.

“வார்டு கழுவுற தொட்டியில துணிச்சாயத்தைக் கரைச்சு ஊத்தினேன். சித்தரே, புனிதத் தண்ணிதானே, ஒரு மடக்குக் குடிங்க.”

சித்தருக்குத் திடீரென்று விரதம். பலகையை விட்டுவிட்டுக் கம்பளியோடு இறங்கினார்; அந்த வயதில் அந்த வேகம்தான் அவர் செய்த ஒரே அற்புதம்.

தையல்காரருக்கு விரல் போனது, பாதம் தப்பியது. ஊற்றடியில் இன்னும் இரண்டு பேர் பாட்டிலோடு நிற்கிறார்கள். ரோஸ் தண்ணீர் கூடுதல் விசேஷமாம்.

கிருமிகூட எத்தனையோ தலைமுறை மருந்தில் ஊறித்தான் அதற்கு அடங்காமல் போகிறது. நாமோ அறிவை ஒரு சொட்டும் தொடாமலே அதற்கு அடங்காதவர்களாகிவிட்டோம். ஒரு வேளையாவது யோசித்துப் பாருங்கள், செத்துவிட மாட்டீர்கள்.