கண்ணுக்குத் தடையில்லாத வீடு

"பயப்படாதீங்கம்மா. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல பத்திரமா இருக்கீங்க. மெக்கானிக் கிளம்பிட்டார். இருபது நிமிஷத்துல கதவு திறந்துடும்," என்றார் நம்மவர், காதில் மாட்டியிருந்த ஹெட்போனில்.

"அது இனிமே திறக்காது," என்றது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். "உள்ளேயே கெட்டுப் போயிருக்கும். தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான்."

லிஃப்டுக்குள் மாட்டியிருந்த அம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது.

"யாருங்க அது?"

"எங்க மாமனார்மா. ஜாம் பாட்டில் மூடியைச் சொல்றார்."

"நான் இங்க அந்தரத்துல தொங்கிட்டிருக்கேன். நீங்க அங்க ஜாம் சாப்பிடறீங்களா?"

நம்மவருக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இவர் காதில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களை அழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூங்குகிற குழந்தையை எழுப்பாத குரல் அவருக்கு. அந்தக் குரலை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் தலைமை ஆபீசில், ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகிற தூரத்தில், தனிக்கட்டை மாதிரி கிடந்தார். போன வருடம்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. மனைவி போட்ட டீயைச் சூடு ஆறுவதற்குள் குடிக்க முடிகிற சுகத்துக்கு அவர் இன்னும் பழகி முடிக்கவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது, வீடுகளை மாற்றி அலங்கரித்துக் கொடுக்கிற ஒரு டிசைனர் அம்மா.

நம்மவரின் மனைவி மாலை நேரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். அங்கே கடைவாய்ப்பல்லைக் காட்ட வந்த டிசைனர் அம்மா, வலிக்கு நடுவிலும் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து, கூடத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இந்த வீட்டுக்கு மூச்சு முட்டுது," என்றாள். "கண்ணு ஒரு மூலையிலேருந்து இன்னொரு மூலைக்குத் தடையில்லாம நடக்கணும். பொருள் குறைவா இருக்கணும், ஆனா கதகதப்பா இருக்கணும். வார்ம் மினிமலிசம்."

"போர்வையைக் குறைச்சா கதகதப்பு எங்கேருந்து வரும்?" என்று கேட்டார் மாமனார். அவர் ஓய்வுபெற்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நாற்பது வருடம் ஓடுகிற எஞ்சினுக்கு மேலே கத்திக் கத்திக் காது மந்தம், குரல் மட்டும் அப்படியே இருந்தது.

அவரை யாரும் மதிக்கவில்லை. வீட்டின் ஒரே அறையான நம்மவரின் வேலை அறைக்கும், சமையலறையோடு சேர்ந்த கூடத்துக்கும் நடுவே இருந்த சுவர் இடிபட்டது. இடிக்க வந்த மேஸ்திரி பரம சாது. "அங்கே தட்டுங்க, இங்கே நிறுத்துங்க," என்று டிசைனர் அம்மா விரலை நீட்ட நீட்ட, "சரிங்க மேடம்" என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. மிச்சம் நின்ற சுவர்களுக்கு 'ஆறின தேநீர்' என்று ஒரு நிறம் பூசினார்கள். துவைக்காத தலையணை உறை என்றார் மாமனார். நேரில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

வீடு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேட்கத்தான் முடியவில்லை.

ஜாம் விவகாரம் அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் காதுக்குப் போனது.

"எல்லாப் பேச்சும் பதிவாகுதுன்னு தெரியுமில்ல? இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா, மறுபடி இங்கேயே வந்துடுங்க. இங்க சுவரெல்லாம் கெட்டியா இருக்கு," என்றார்.

மாமனாரும் மருமகனும் பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவர் இருந்த இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டு புத்தக அலமாரிகளை அதற்குத் துணைக்கு வைத்தார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த நிம்மதி ஒன்றரை நாள் நீடித்தது.

"வீடு எப்படி மூச்சு விடுதுன்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்று நுழைந்த டிசைனர் அம்மா, பீரோவைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "யார் செஞ்சது இது?"

நம்மவரின் மனைவி தலையைக் குனிந்தாள். நம்மவர்தான் வாயைத் திறந்தார்.

"சத்தம் வருது மேடம்."

"சத்தம் எங்கேருந்து வருது சார்?"

"மாமனார்கிட்டேருந்து."

"இல்லை சார். பொருள்லேருந்து. மனுஷன் பேசறதை விடப் பொருள் அதிகமாப் பேசும். பொருளைக் குறைங்க, சத்தம் தானா அடங்கும்."

மாமனாரைக் குறைக்க வழியில்லாததால் பொருளைக் குறைத்தார்கள். பீரோ, புத்தகங்கள், சோபா, தரை விரிப்பு, கனமான ஜன்னல் திரைகள் எல்லாம் மச்சினன் வீட்டு மொட்டைமாடி அறைக்குப் போயின. மிஞ்சியது ஒரு நீள மரப் பெஞ்சும், ஒரு மண் ஜாடியில் செருகிய காய்ந்த குச்சியும். அந்தக் குச்சி கலை என்றாள் டிசைனர் அம்மா. மாமனார் அதில் முதுகு சொறிந்துகொண்டார்.

இத்தனை நாள் அந்த வீட்டுச் சத்தத்தில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தது அந்தத் துணிகளும் புத்தகங்களும்தான் என்பது அவை போன பிறகுதான் தெரிந்தது. இப்போது மாமனார் அடுப்படியில் ஒருமுறை இருமினால் கூடத்தில் மூன்று முறை கேட்டது.

"இனிமே வேலை நேரத்துல யாரும் பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டணும்," என்று நம்மவரின் மனைவி சட்டம் போட்டாள்.

மறுநாள் ஒரு பெரிய கடையின் லிஃப்டில் பத்துப் பேர் மாட்டிக்கொண்டார்கள். நம்மவர் தேன் ஒழுகப் பேசி, ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தி, அழுதுகொண்டிருந்த ஒருவரைச் சிரிக்கவே வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாமனார் மிக்சிப் பக்கம் போக, மனைவி பதறிப்போய் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். மாமனார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பத்துப் பேர்... உள்ளே... மாட்டியிருக்காங்க. நிலைமை... மோசம்."

"மோசம், மோசம்," என்றது வீடு.

லிஃப்டுக்குள் பத்துப் பேரும் ஒரே குரலில் கதறினார்கள். தாளைத் திருப்பிப் பார்த்த மாமனார், "பின்பக்கம் ஒண்ணுமில்லையே?" என்றார்.

அது இரண்டாவது தடவை.

இனி கதவுள்ள அறை என்று அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான் பாக்கி. நம்மவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். இரண்டு நாள் குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மணிமணியாகப் பேச்சு போய்க்கொண்டிருக்கும்போது குளியலறைக் குழாயில் நின்றுபோயிருந்த தண்ணீர் வந்துவிட்டது. காலையில் குழாயை மூட மறந்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

"தம்பி, தண்ணி கொட்டற சத்தம் கேக்குதே?"

"அது இங்கதான் சார்."

"இங்கன்னா? லிஃப்டுக்கு அடியிலயா?"

அதே சமயம் மாமனார் கதவைத் தட்டினார். "மாப்ள, இன்னும் எவ்வளவு நேரம்? என்னால தாங்க முடியாது. வந்துடும் போலிருக்கு."

பெரியவர் தன் கைப்பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, சொந்த போனில் ஊரையே கூப்பிட்டுவிட்டார். மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் தீயணைப்பு வண்டி படகோடு நின்றுகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூணு தடவை ஆயாச்சு. கடைசியா ஒரு வாய்ப்பு தர்றேன். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நானே கூப்பிடறேன். பின்னாடி ஒரு ஊசி விழற சத்தம் கேட்டாலும் செவ்வாய்க்கிழமை ரயிலைப் பிடிச்சுடுங்க."

நம்மவர் போய் மரப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைந்து அழக்கூட அந்த வீட்டில் ஒரு மூலை இல்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, சுவரைத் திரும்பக் கட்டிடலாமா?"

"உனக்குப் பிடிச்சுத்தானே இடிச்சோம்?"

"ஒரு வாரம் பிடிச்சுது. அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தா சோறு இறங்கலை. நான்தானே இடிக்கச் சொன்னேன், இப்ப எந்த முகத்தோட கட்டச் சொல்றதுன்னு இருந்தேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு வருஷம் இந்த வீட்ல நீங்க இல்லாமச் சாப்பிட்டிருக்கேன். மறுபடி என்னால முடியாது. வீடு அசிங்கமாவே இருக்கட்டும், நீங்க இருங்க."

"டிசைனர் அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"அவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

நம்மவர் மேஸ்திரிக்குப் போன் போட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மேஸ்திரி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வண்டியோடு வந்து இறங்கினார். வண்டியில் செங்கல், சிமெண்ட், மணல், அவற்றின் மேலே பழைய கதவு, நிலையோடு.

"இது எங்க கதவாச்சே," என்றாள் மனைவி.

"ஆமாங்க. பத்திரமா வச்சிருந்தேன்," என்றார் மேஸ்திரி.

சனிக்கிழமை முழுக்கச் செங்கல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூச்சு. கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அளவு நாடாவை எடுக்காமலே, எந்தச் செங்கல் எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாமனார் நாள் முழுவதும் எதிரில் உட்கார்ந்து, சுவரை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, "வலது, வலது, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினன் வீட்டிலிருந்து சோபாவும் பீரோவும் வந்து சேர்ந்தன.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நம்மவர் ஈரச் சுவருக்கு இந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மேஸ்திரி கடைசிப் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமனார் தன் நண்பரோடு போனில் ஒரு பழைய விபத்தைப் பற்றி உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

"எங்கே இருக்கீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"வீட்லதான் சார்."

நெடுநேரம் போனில் அவர் கவனித்துக் கேட்கிற மூச்சு மட்டும் வந்தது.

"மாமனார் ஊருக்குப் போயிட்டாரா?"

"இல்லை சார். பக்கத்துலதான் இருக்கார்."

"சரி. அங்கேயே இருங்க," என்று போனை வைத்துவிட்டார்.

நம்மவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவள் டீ போடப் போனாள். மேஸ்திரி வாசலில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். நம்மவருக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்தும் கொண்டார்.

"மேஸ்திரி, பெரிய உதவி செஞ்சீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. சுவரைத் திரும்பக் கட்டினது அந்த டிசைனர் மேடத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம். பாவம், மனசு உடைஞ்சு போயிடுவாங்க."

மேஸ்திரி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அதெப்படி சார் முடியும்? ராத்திரி வீட்ல எனக்குத் தட்டைப் போட்டதுமே, 'இன்னிக்கு எந்த வீட்ல கட்டி முடிச்சீங்க, நாளைக்கு எந்த வீட்ல இடிக்கச் சொல்லட்டும்'னு கேப்பாளே."