இருநூறுக்கு ஒரு தலை குறைவு

"நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது."

கண்ணாடிக்கடைக்காரர் மூன்றாவது முறையாக எண்ணி முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க. அதுக்குள்ள யாராவது முளைச்சிருப்பாங்க" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. அந்தச் சிறிய லுத்தரன் சபைக்குப் பதினோரு வருடங்களாக அவர்தான் செயலாளர். ஆண்டுதோறும் தலைமை அலுவலகத்துக்குப் புள்ளிவிவரப் படிவம் அனுப்புவது அவர் வேலை. ஞானஸ்நானம் எத்தனை, திருமணம் எத்தனை, அடக்கம் எத்தனை, ஞாயிறு ஆராதனைக்குச் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று நான்கு பக்கம். கடைசிக் கட்டத்தில் மொத்த அங்கத்தினர் எண்ணிக்கை. மற்ற வருடங்களில் அந்தக் கட்டத்தை யாரும் சட்டை செய்ததில்லை. இந்த வருடம் படிவத்தோடு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மாதக் கடைசியில் இருநூறு பேருக்குக் குறைவாக உள்ள சபைக்குத் தனிப் போதகர் கிடையாது. பக்கத்துச் சபைப் போதகரே அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

மாதம் முடிய மூன்றே நாள்.

"பக்கத்துச் சபைப் போதகர் ஒண்ணரை மணி நேரம் பிரசங்கம் பண்றவர்" என்றார் அவர்.

"தலையணை எடுத்துட்டுப் போகலாம்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவளுக்கும் விளையாட்டில்லை. இரண்டு வருடம் அப்பாவோடு பேசாமல் இருந்த மகனை ஒரு மழைநாளில் கையைப் பிடித்து அழைத்து வந்து இதே மேசையில் உட்கார வைத்தவர் இவர்கள் சபைப் போதகர். "ரெண்டு பேரும் பேசற வரைக்கும் நான் கிளம்ப மாட்டேன், எனக்குப் பசிக்குது" என்று சொன்னவர். ஐந்து வருடத்துக்கு முன் மனைவி, மாமியார், இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு வேனில் வந்து இறங்கியவர். அவரை ஒரு தலைக்காக இழப்பதா?

"கடிகாரக்காரர் வீட்ல இரட்டைக் குழந்தை பிறந்துச்சே. ஞானஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் துள்ளி எழுந்தார். "இன்னும் ஆகல! ஞாயித்துக்கிழமை கொடுத்துட்டா இருநூத்தி ஒண்ணு!"

கடிகாரக்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கடிகாரக்காரரின் மனைவி ஒரு குழந்தையைத் தோளிலும் இன்னொன்றை மடியிலும் போட்டுக்கொண்டு சங்கடமாகச் சிரித்தாள்.

"போன வாரமே எங்கம்மாவோட சபையில கொடுத்தாச்சு அண்ணே."

"ஓ... சந்தோஷம்மா."

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க. குழந்தைங்க அங்க, நாங்க இங்கன்னு இருந்தா நல்லாவா இருக்கு? எங்க ரெண்டு பேருக்கும் மாற்றுக் கடிதம் வேணும்னு கேக்கணும்னு நினைச்சிட்டே இருந்தேன், மறந்து மறந்து போச்சு. நீங்க வந்ததும்தான் ஞாபகம் வந்துச்சு."

ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகிறவர்கள் மாற்றுக் கடிதம் கேட்டால் கொடுத்தே தீர வேண்டும்; அதைப் புதுச் சபையின் செயலாளரிடம் கொடுத்தால்தான் அங்கே பெயர் ஏறும். நூற்றுத் தொண்ணூற்றேழு.

"நீங்க போகாம இருந்திருந்தா அவ மறந்தே இருந்திருப்பா" என்றாள் மனைவி.

"போகச் சொன்னது யாரு?"

"குழந்தையைப் பத்தித்தான் சொன்னேன். அம்மா அப்பாவைக் கழிச்சுட்டு வரச் சொல்லல."

மறுநாள் காலை அவர் பேக்கரிக்குப் போனார். பேக்கரிக்காரர் மூன்று வருடத்துக்கு முன் பாடகர் குழுத் தலைவரோடு சண்டை போட்டுக்கொண்டு, தன் பெயரையும் மனைவி, இரண்டு மகன்கள் பெயரையும் அடித்துவிட்டுப் போனவர். நான்கு தலை! திரும்பி வந்தால் இருநூற்றொன்று.

"வர்றேன்" என்றார் பேக்கரிக்காரர், கையிலிருந்த மாவைத் தட்டியபடி. "எனக்கும் மனசு கேக்கல. ஆனா அந்த ஆள் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். 'உன் குரல் கதவு கீச்சிடற மாதிரி இருக்கு'ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னான்ல?"

கண்ணாடிக்கடைக்காரர் நேராகப் பாடகர் குழுத் தலைவர் வீட்டுக்கு ஓடினார்.

"மன்னிப்பா?" தலைவர் ஆர்மோனியத்தைப் படாரென்று மூடினார். "கதவுக்காவது எண்ணெய் போடலாம் செயலாளரே. அவனுக்கு என்ன போடறது? அவன் உள்ள வந்தா நானும் என் சம்சாரமும் வெளிய."

"கொஞ்சம் யோசிங்க..."

"யோசிச்சாச்சு. இருபது வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுத்த எனக்கு இதுதான் மரியாதைன்னா, அவன் வந்தாலும் வராட்டியும் நாங்க போறோம். எழுதிக்குங்க!"

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். அதையாவது நல்ல சேதியாக மாற்றலாமென்று, மூச்சிரைக்கத் திரும்பவும் பேக்கரிக்குப் போனார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அவர் போயிட்டார்! இனிமே உங்களுக்கு எந்தத் தடையும் இல்ல!"

பேக்கரிக்காரரின் முகம் வாடிப்போயிற்று. "போயிட்டானா? அப்புறம் நான் யார் முன்னாடி வந்து பாடறது? சுவரு முன்னாடியா? வேண்டாம் விடுங்க."

நூற்றுத் தொண்ணூற்றைந்து.

அன்று மத்தியானம் கடையில் ஒரு அம்மாவுக்குக் கண் பரிசோதித்தபோது, பலகையில் இருந்த எழுத்துக்களுக்குப் பதில் அவருக்கு எண்களே தெரிந்தன. அந்த அம்மா சரியாகப் படித்தாள். இவர்தான் "தப்பு, தப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சும்மா இருநூறுன்னு போட்டுடுங்களேன். வந்து தலையை எண்ணவா போறாங்க?" என்றாள் மனைவி, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடைக்கு வந்து.

அவர் பேனாவை எடுத்தார். எழுதப் போனார். வைத்துவிட்டார்.

"கீழ போதகர் கையெழுத்துப் போடணும்டி. அவர் கையால ஒரு பொய்க்குக் கையெழுத்து வாங்கியா அவரைக் காப்பாத்தறது?"

அவள் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க. வயித்துல ஏதாவது இருந்தா சொல்றது சுலபம்" என்றாள்.

போதகர் இல்லத்தில் போதகர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போயிருந்தார். கூடத்தில் அட்டைப் பெட்டிகள். போதகரின் மனைவி தரையில் உட்கார்ந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போதகரின் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி மேற்பார்வை.

"அதுக்குள்ளயாம்மா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், வாசலிலேயே நின்று.

"பாடகர் குழுத் தலைவர் போயிட்டார்னு கேள்விப்பட்டோம் அண்ணே. கணக்கு எங்களுக்கும் தெரியும்ல."

"நான்தாம்மா எல்லாத்தையும் கெடுத்தேன். ஒரு ஆள் குறைஞ்சுது. சரி பண்ணப் போய் அஞ்சாக்கிட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? மாசத்துல முதல் ஞாயிறு தவறாம இவரும்தான் சொல்லிப் பார்த்தாரு. 'வேற ஊர்லருந்து வந்தவங்க மாற்றுக் கடிதத்தைக் கொண்டாங்க, கொண்டாங்க'ன்னு."

"வெறும் கையோட வந்து உக்காந்திருக்கிற ஆடுன்னு திட்டக்கூடச் செஞ்சாரே மாப்பிள்ளை" என்றார் மாமியார் பெருமையாக.

போதகரின் மனைவி தலையணை கனமுள்ள ஒரு விளக்கவுரையைத் தூக்கினாள். அதிலிருந்து பழுப்பேறிய உறை ஒன்று நழுவி விழுந்தது.

"இந்தப் புத்தகத்தை இவர் நாப்பதாம் பக்கத்துக்கு மேல படிச்சதே இல்ல. அடையாளத்துக்கு வச்சது அப்படியே கிடக்கு" என்று உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, 'சபைச் செயலாளர் அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கே. உங்களுக்குத்தானே?"

கண்ணாடிக்கடைக்காரர் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். ஒரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு பக்கத்திலிருந்த பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"என்ன அண்ணே? என்ன ஆச்சு?"

"பெட்டியைப் பிரிங்கம்மா... பிரிங்க..." அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

மாமியார் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். எட்டப் பிடித்து, உதடு அசையக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, ஊரையெல்லாம் மாற்றுக் கடிதம் கேட்டு விரட்டினாரே மாப்பிள்ளை, அப்போ அஞ்சு வருஷமா நம்ம அஞ்சு பேரும் இந்தச் சபைக்கு விருந்தாளிங்கதானா?"