பூஜையில் வைத்த சர்வர்

ஓசூர்,
ஆயுத பூஜை, மாலை.

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சான் மாதேஷ் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் விஜயகுமார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அருணாவும் குழந்தையும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் பிழைப்பைக் கெடுத்தவனுக்கு என்ன குறை? கோபத்தில் வந்துவிட்டது, மன்னிக்கவும். காலையிலிருந்து பதினெட்டு முறை கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம். நாளை எனக்கு வேலை போகிறது.

விரல் வைத்தால் கேட் திறக்கும் எங்கள் கம்பெனி வருகைப் பதிவு ஒரே கம்ப்யூட்டரில் இருந்து அடிக்கடி படுத்துக்கொண்டதால், "கீ-வேல்யூ ஸ்டோர்னு ஒண்ணு இருக்கு, பேரைக் கேட்டா அவன் கணக்கை எடுத்துக் கொடுக்கும், அதையே மூணு சர்வர்ல போடு, ஒண்ணு செத்தாலும் கேட் திறக்கும்" என்றீர்கள். போட்டேன். முதல் நாள் மூன்றுமே நான்தான் தலைவன் என்று நின்றன, பஞ்சாயத்து பண்ணியே ஒரு வாரம் போச்சு. அப்புறம் ஒழுங்காத்தான் ஓடிச்சு மச்சான், பொய் சொல்லக் கூடாது. இன்னிக்கு ஆயுத பூஜை. எலக்ட்ரீசியன் முனிவேல் விடிஞ்சதும் சர்வருக்கெல்லாம் சந்தனம் பூசிட்டு, "பூஜை நாள்ல எதுவும் ஓடக்கூடாது சார், அணைங்க"ன்னான். நான் கெஞ்சி ஒன்றை மட்டும் ஓடவிட்டு இரண்டை அணைத்தேன். ஒண்ணு இருந்தாப் போதும்னுதானே நினைச்சேன்! அது என்னடான்னா, கூட ஒருத்தனாவது ஆமான்னு சொல்லாம நான் தனியா பதில் சொல்ல மாட்டேன்னு உட்கார்ந்துக்கிச்சு. ஒன்பது மணிக்கு வெளியே முந்நூறு பேர் குடும்பத்தோடு விரல் வைக்கிறார்கள், கேட் அசையவில்லை. முதலாளியின் அம்மா வெங்கடம்மாள் பூசணிக்காயோடு வெயிலில் நின்று "ஏமைந்திரா?" என்று, என்னடா ஆச்சு என்று தெலுங்கில் கேட்கிறார். அணைத்ததைப் போடலாம் என்று ஓடினால், "பொட்டு வெச்சாச்சு, நாளைக்குத்தான் தொடணும்" என்று முனிவேல் சர்வர் ரூம் கதவை மறித்துக்கொண்டான். கேட் பூட்டைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் சாமி முன்னால். கடப்பாரையும் சாமி முன்னால். ஐயோ மச்சான், பூசணிக்காயை ரோட்டிலேயே உடைத்தார்கள். முதலாளி கம்பி வழியாக என்னைப் பார்த்து, "நாளைக்கு ரூமுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

வாய்விட்டு அழ வேண்டும் போலிருக்கிறது. அருணாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெங்களூரில் எந்த வேலையானாலும் பார்த்து வையுங்கள், கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம். இல்லாவிட்டால் கெலமங்கலம் சந்தையில் தக்காளிக் கூடை தூக்குவேன்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விஜயதசமி எல்லா நலமும் தரட்டும். எனக்கும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்று வரை சிஸ்டம் இன்சார்ஜ்,
விஜயகுமார்.

பி.கு. (மறுநாள் காலை, தபாலில் போடும் முன்): மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இப்போதுதான் முதலாளி அறையிலிருந்து வருகிறேன். "எத்தனையோ மெஷின் வாங்கிட்டேன்யா, பூஜை நாள்ல வேலை செய்ய மாட்டேன்னு சொன்ன பக்தியுள்ள மெஷின் இது ஒண்ணுதான்னு அம்மா கும்பிடுறாங்க" என்றார். கிருஷ்ணகிரி யூனிட்டிலும் போட வேண்டுமாம், ஏழு சர்வர். என்னால் ஆகாது, சொல்லிக் கொடுத்தவரே பெரிய ஆள் என்று உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உங்களைக் கூட்டிப்போக வண்டி வரும். அம்மாவும் கூட வருகிறார்.