ஜீப்புக்கு வாங்கின ஈரல்

எனக்கு உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தார்கள். கல்யாணம் ஆனதும் அந்த உக்கிரம் முழுக்க என் சம்சாரம் மாயக்காளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு மிச்சம் பாண்டிதான்.

எண்பத்திரண்டாம் வருசம் வாக்கில் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்து, "ரத்தக்கொதிப்பு. கறியைக் குறைங்க" என்றார். குறைக்கத்தான் சொன்னார். மாயக்காள் அடியோடு நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கீரை. தீபாவளிக்கும் கீரை. ஆடு தின்கிறதை எல்லாம் நான் தின்றேன், ஆட்டைத் தின்னத்தான் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஜீப்புக்கு உடம்புக்கு வந்துவிட்டது. ஜீப்பு எங்கள் நாய். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு ஜீப்பில் வந்து இறங்கிய குட்டி. போடியில் ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. அதுவும் கூடவே வந்து மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கும். அது கொட்டாவி விட்டால்கூட ஏலக்காய் மணக்கும். மலைமேல் மெட்டுக்கு ஜீப்பு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டால் போதும், காது ரெண்டும் எழுந்து நிற்கும். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அதுக்கு வயிற்றில் ஒரு கட்டி. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அறுத்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "புத்துநோய்ண்ணே. முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல முடியாது. ஈரலை அவிச்சுப் போடுங்க. மேல மீனெண்ணெய் ஊத்துங்க. நல்லாத் தின்னுச்சுன்னா இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாம்."

பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன். அங்கே கறிக்கடையைப் பார்த்தேன். அழுகை நின்று யோசனை வந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் மாயக்காள்.

"ஈரல் போடச் சொன்னாரு. பாதியை அவிச்சு, மீனெண்ணெய் ஊத்தி."

"மிச்சப் பாதி?"

"மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு வறுத்து."

"நாய்க்கா?"

"மிளகைக் கண்டா புத்து ஓடிருமாம்."

"வெங்காயத்தைக் கண்டா?"

"திரும்பி வராதாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கருவேப்பிலை போடணுமா, வேணாமா? அதைக் கேட்டீகளா?"

"போடச் சொன்னாரு."

"உப்பு?"

"திட்டமா."

"சரி" என்றாள். நான் விடவில்லை. "ஒனக்குச் சோலி கெடக்கு. அதுக்கு நானே குடுத்துக்கிறேன்" என்றேன்.

"அடேயப்பா, என்னைக்கும் இல்லாத அக்கறை!"

கொல்லையில் முருங்கை மரத்தடியில் பந்தி தொடங்கியது. அதுக்கு ஒரு தட்டு, 'அதுக்கே' இன்னொரு தட்டு. அறுத்ததிலிருந்து ஜீப்பு சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. நான் வறுவலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். அது என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தன் தட்டை நக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தின்றால்தான் அது தின்றது. அதன் உயிரைக் காப்பாற்ற நான் தின்னவேண்டியதாயிற்று.

அந்த வறுவல் இருக்கிறதே! அந்த மாதிரி ஈரலை நான் ஆயுசில் தின்றதில்லை. ஒரு நரம்பு கிடையாது. ஒரு கசப்பு கிடையாது. பஞ்சுதான். ஜீப்பு ஒரு நாளும் என் தட்டுப் பக்கம் மூக்கை நீட்டியதில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று உருகிப்போனேன்.

பக்கத்து வீட்டு ஒச்சப்பன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். "என்ன மாமா, நாயும் நீங்களும் ஒரே பந்தியா?"

"ருசி பாத்துக் குடுக்கறேன் மாப்ளே."

"ருசி பாக்குறதுக்கு இம்புட்டு ஏப்பமா?"

ஜீப்பு தேறியது. மறுபடி கடைக்கு வந்தது, மறுபடி மூட்டை நடுவில் படுத்தது. ரெண்டு சீசன் அப்படி ஓடியது. எனக்குப் பட்டை சுற்றிய டாக்டரும், "கொதிப்பு எறங்கிருச்சே! கறியை விட்டது நல்லதாப் போச்சு" என்றார். டாக்டரின் மிசினில் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மாயக்காள் மட்டும் எதற்கோ தலையாட்டினாள்.

மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு காலை. மெட்டுக்கு ஜீப்பு வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. அதன் காது எழவில்லை.

முருங்கை மரத்தடியிலேயே புதைத்தோம். ஒரு கை ஏலக்காயை உள்ளே போட்டேன். அதற்குமேல் தாங்கமுடியவில்லை. மண்ணைத் தொட்டு, "இந்தா புள்ள, ஜீப்பு மேல சத்தியம். அதுகூட ஒக்காந்து தின்ன வாயி இது. இனிமே இந்த ஜென்மத்துல ஈரலைத் தொடமாட்டேன்" என்றேன்.

மாயக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இம்புட்டு நாளும் தொட்டீகளாக்கும்?"

"என்னது?"

"மறுநா ஈரலை அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரப் போயிப் பாத்தேன். நாய்க்கு வெங்காயமே ஆகாதுன்னாரு. பெறகு வறுவல் யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? பாசிப்பயறை ஊறப்போட்டு, தோலோட அரைச்சு, இட்லிச் சட்டியில அவிச்சுத் துண்டு போட்டேன். நீங்க தின்னது அதைத்தான்."

"அப்ப ஈரலு?"

"அது முச்சூடும் எம்புள்ளைக்கு."

அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். ஜீப்பு என் தட்டுப் பக்கம் திரும்பாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை.